பச்சைமலைக்கு கார்ல கிளம்புறீங்களா... ஸ்டெப்னி மாத்தத் தெரியுமா?

திருச்சியிலிருந்து துறையூர் வழியா பச்சைமலை ஏறுறீங்க. பாதி மலையில டயர் பஞ்சர். பக்கத்துல மெக்கானிக் கடை இல்லை. போன்ல சிக்னலும் இல்லாமப் போகலாம். அப்போ கைகொடுக்கிறது டிக்கியில இருக்கிற ஸ்டெப்னிதான். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் தயாரித்த மாற்றுச் சக்கரத்தின் பெயர்தான் அது!

சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விடுங்க. மற்ற சக்கரங்களுக்குக் கல் வைங்க. ஜாக்கி ஏத்துறதுக்கு முன்னாடியே நட்டுகளை லேசா தளர்த்திடணும். தூக்கின பிறகு முயற்சி பண்ணினா சக்கரம் சுத்தும்; கார் நழுவலாம். ஜாக்கியில நிற்கிற காருக்கு அடியில போகவே கூடாது. ஸ்டெப்னியை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிரா முடுக்குங்க. அப்போதான் சக்கரம் சரியா உட்காரும். காரை இறக்கினதும் மறுபடி நல்லா இறுக்குங்க.

இதுல மிச்சமாகுற காசு கொஞ்சம்தான். ஆனா, கறை படிஞ்ச கையோட திரும்ப ஸ்டியரிங் பிடிக்கிறப்போ வர்ற திருப்தியே தனி. பிரேக் வேலையை மட்டும் மெக்கானிக்கிட்டயே விட்டுடுங்க.

மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, வீட்டு வாசல்லயே ஒருமுறை மாத்திப் பழகுங்க. ஸ்டெப்னியில காத்து இருக்கான்னும் அப்பவே தெரிஞ்சுடும்!