ஜாடியில் நீந்தும் பொன்மீன்கள்

பாரிஸ் நகரின் கிமே அருங்காட்சியகத்தில் மூடியோடு கூடிய பெரிய பீங்கான் ஜாடி ஒன்று இருக்கிறது. தாமரைக்கும் நீர்ப்பூண்டுகளுக்கும் இடையே பொன்னிறக் கெண்டை மீன்கள் அதைச் சுற்றிலும் நீந்துகின்றன. சீனாவை மிங் வமிசத்துப் பேரரசர் ஜியாஜிங் ஆண்ட காலத்தில் (1522–1566) ஜிங்தேசென் நகரச் சூளைகளில் உருவானது அது. சீன மொழியில் மீனுக்கும், மிகுதி என்பதற்கும் 'யூ' என்ற ஒரே ஒலிதான். பாத்திரங்களில் மீன் இடம்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஜாடியை நீங்கள் விரலால் தடவிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (உண்மையில் காவலர் விடமாட்டார்!) நீல நிறப் பூண்டுகள் விரலுக்குத் தட்டுப்படமாட்டா. மீன்களோ இலேசாகத் தட்டுப்படும். ஒரே ஓவியத்தில் ஏன் இந்த வேறுபாடு?

விடை சூளையின் வெப்பத்தில் இருக்கிறது. பீங்கானுக்கு முக்கியமாக இரு பொருள்கள் வேண்டும். ஒன்று, கயோலின் என்னும் வெண்களிமண். ஜிங்தேசெனுக்கு அருகிலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. மற்றது, இடித்துப் பொடியாக்கிய ஒருவகை வெண்பாறை. கயோலின் உருவம் குலையாமல் தாங்குகிறது; பாறைப்பொடி உருகிக் கண்ணாடியாகி இடுக்குகளை அடைக்கிறது. இதற்கு ஏறத்தாழ 1300 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தில் பிழைத்து நிற்கும் வண்ணங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று கோபால்ட்.

ஓவியர் கோபால்ட் தாதுவை நீரில் அரைத்து, சுடாத பச்சைப் பாத்திரத்தின் மேல் தீட்டினார். அப்போது அது நீலமாக இராது, கருஞ்சாம்பலாகவே தெரியும். பச்சை மண் நீரை உடனே உறிஞ்சிவிடுமாதலால், தவறிப்போன கோட்டை அழிக்கவும் வழியில்லை. அதன்மேல் மெருகுக் குழம்பைப் பூசிச் சுட்டால், மெருகு உருகிக் கண்ணாடியாகும். கோபால்ட் அதில் கரைந்து நீலம் பிறக்கும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கோபால்ட்டே போதும். நிறம் கண்ணாடிக்குள் சிறைப்பட்டுவிடுவதால் தேய்வதில்லை.

மீன்களுக்கு வருவோம். சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு. நம் வீட்டு ஆணியில் படியும் துருவுக்கு நெருங்கிய உறவு! இதையும் நீலத்தோடு சேர்த்துத் தீட்டிச் சுட்டால் என்ன ஆகும்? இரும்பு மெருகில் கரைந்து பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். சிவப்பு போயே போய்விடும். ஆகவே, சுட்டெடுத்த ஜாடியின் மெருகுக்கு மேலே, ஈயம் கலந்த கண்ணாடிப் பொடியோடு வண்ணத்தைச் சேர்த்துத் தீட்டினார்கள். ஈயக் கண்ணாடி சுமார் 800 டிகிரியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். விரலுக்குத் தட்டுப்படுவது இதுதான். மேலே இருப்பதால் நாளடைவில் தேயவும் கூடும்.

அந்தப் பொன்னிறமும் ஒரே பூச்சில் வந்ததன்று. முதலில் மஞ்சள், அதன்மேல் சிவப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த மஞ்சளும் இரும்பின் வேலையே. ஈயக் கண்ணாடியில் இரும்பு கரைந்துவிட்டால் மஞ்சள். கரையாமல் நுண்துகள்களாகத் தங்கினால் சிவப்பு. வேதியியல் பாடம் படிக்காத சூளைக்காரர்கள் இதைக் கைப்பழக்கத்தால் கண்டுகொண்டார்கள். சூளைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் ஜாடி வெடிக்கலாம். வெடித்தால் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண்.

இத்தகைய ஜாடிகளுக்கு இன்று விலை மிக அதிகம். எனவே போலிகளும் உண்டு. அடியில் எழுதியுள்ள பேரரசர் பெயரை மட்டும் நம்புவதற்கில்லை. பழைய ஆட்சிகளின் குறிகளைப் பிற்காலத்தவரும் எழுதிவந்தார்கள். பாத்திரத்தைச் சுரண்டாமலே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, நீலத்தில் என்னென்ன உலோகங்கள் உள்ளன என்று அறிஞர்கள் பார்க்கிறார்கள். சீனாவிலேயே கிடைத்த கோபால்ட் தாதுவில் மாங்கனீஸ் மிகுதி. 14-ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்த தாதுவில் மாங்கனீஸ் குறைவு, இரும்பு அதிகம். பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் தூய்மையாக்கிய கோபால்ட்டிலோ இரண்டுமே மிகக் குறைவு. ஜியாஜிங் பெயர் தாங்கிய ஜாடியில் இந்தத் தூய நீலம் தென்பட்டால், மீன்கள் எவ்வளவு அழகாக நீந்தினாலும் சந்தேகப்படத்தான் வேண்டும்.