காய்க்கு ருசி அரைப்பிலே

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பத்தில் முதல் வழக்கு அடுப்பங்கரையில்தான் தொடங்கும். அங்கே கிடைத்த காய் இங்கே கிடைப்பதில்லை; இங்கே மலிந்த காயைச் சமைக்கும் பக்குவம் நமக்குத் தெரிவதில்லை. பெரியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். குழந்தைகளோ, இலையில் பச்சை நிறம் தென்பட்டால் போதும், ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நம் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அதனால் விளைந்த கவலையும் அது தீர்ந்த வகையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக் கூடும் என்னும் எண்ணத்தால் இதை எழுதத் துணிந்தோம்.

திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த நாம், ரயில்வே குமாஸ்தா உத்தியோகத்தின் பொருட்டுத் திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்து, கோட்டைக்கு அருகே ஸ்ரீவராகத்தில் குடியிருந்து வருகிறோம். வராகமூர்த்தியின் கோவிலும், அதனையடுத்த பெரிய குளமும் இப்பகுதிக்குப் பெருமை. சாலைக் கடைத்தெரு நடந்தே சென்று வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் ஏற்படுத்திய கடைத்தெரு அது. தமிழ் வணிகர் பலர் அங்கே உண்டு. களியக்காவிளை வழியாக லாரிகளில் நம் சீமைக் காய்கறிகள் வந்து இறங்குகின்றன. வெள்ளாயணிப் பக்கத்தில் விளையும் சிவப்புக் கீரையும் நீண்ட பயற்றங்காயும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. ஆகவே நம் வீட்டில் காய்க்குக் குறைவில்லை, உண்பாரைத்தான் காணோம்.

நம் மகளுக்கு வயது ஏழு. பள்ளியில் சோர்ந்து சோர்ந்து உட்காருகிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவர், ஹீமோகுளோபின் 9.2 என்றும், அவ்வயதில் அது 11.5-க்குக் குறையலாகாது என்றும் கூறினார். இரும்புச் சத்து மருந்தை எழுதித் தந்துவிட்டு, கீரையும் பயறும் நாள்தோறும் உணவிற் சேரவேண்டும் என்றார். கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லையாம். எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றிலுள்ள 'சி' வைட்டமின் அதற்குத் துணை செய்யுமாம். உணவை ஒட்டிப் பருகும் தேநீரும் காப்பியும் அதைத் தடுத்துவிடுமாம். இவையனைத்தையும் கவனமாகக் கேட்டு வந்தோம். ஆனால் குழந்தையின் வாயைத் திறக்கும் வழியை மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லையே!

செய்தி அறிந்து அன்னையார் ஊரிலிருந்து புறப்பட்டு வந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இலும், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 1981-இலும் ரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர், நெல்லைக்காரருக்கு இவ்வூர் அரை நாட் பயணமாகிவிட்டது. பழம்புளி, கருப்பட்டி, நல்லெண்ணெய் ஆகியவை நிறைந்த பையுடன் வந்திறங்கிய அன்னையார், "புளி விடாத கறியைப் பத்தியக்காரருக்கல்லவா போடுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, அன்றே கீரையைப் புளிவிட்டுக் காரசாரமாகக் கடைந்து வைத்தார். குழந்தை ஒரு வாய் உண்டு, கண்ணில் நீர் மல்க எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரத்திலேயே அண்டை வீட்டு மலையாள மூதாட்டியார், 'கிச்சடி' செய்திருப்பதாகச் சொல்லிக் குழந்தையை அழைத்தார். ரவைக் கிச்சடியாக்கும் என்று எண்ணி அனுப்பி வைத்தோம். இவ்வூரில் கிச்சடி என்பது தயிரில் தேங்காயும் கடுகும் அரைத்துக் கலந்த காய்க்கூட்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வெண்டைக்காய்க் கிச்சடி. நம் மகள் இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டு வந்து, "அம்மூம்மா செய்தால் நன்றாயிருக்கிறது, ஆச்சி" என்று அன்னையாரிடமே சொல்லிவிட்டாள்.

அன்றிரவு அன்னையார் சரியாக உண்ணவில்லை. பேத்தி நலம் பெறவேண்டும் என்று வந்தவர். பேத்தியின் நாக்கு வேற்றூர் நாக்காகிவிட்டதே என்னும் வருத்தம் அவருக்கு. நாமும் என்ன சொல்வதென்று அறியாது இருந்தோம். மறுநாட் காலையில் ஒரு வட்டுக் கருப்பட்டியை எடுத்துக்கொண்டு, அவரே அண்டை வீட்டுக்குச் சென்றார். இவர் பேசிய தமிழ் அவருக்குப் பாதி விளங்கிற்று. அவர் பேசிய மலையாளம் இவருக்குப் பாதி விளங்கிற்று. அம்மிக்கு முன் அது போதுமானதாயிருந்தது. அவ்விருவரிடமும் நம் இல்லாள் கற்றுக்கொண்டவற்றையே கீழே தருகிறோம்.

மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. காயைத் தனியே வேகவைத்து, சாற்றைத் தனியே ஆக்கி, இறுதியில்தான் சேர்க்கவேண்டும். புளிப்பில் நெடுநேரம் கொதித்தால் காயின் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும். காயும் எளிதில் வேகாது. நிறம் மாறாதிருக்க ஆப்பச்சோடா இடுவோரும் உண்டு. அது நிறத்தைக் காக்குமேயன்றி, வைட்டமின்களை அழித்துவிடும். குறைந்த நீரில் சிறிது நேரமே வேகவைத்து, வெந்த நீரையும் கொட்டாமல் சேர்த்துக்கொள்வதே நல்ல முறை.

தேங்காய் அரைப்பு

கீரைக்கு ஏற்றது இது. அரை மூடித் தேங்காயும், ஒரு தேக்கரண்டிச் சீரகமும், பத்து மிளகும் சேர்த்து மைய அரைக்கவேண்டும். ஒரு கட்டுக் கீரையையும், ஒரு கைப்பிடிப் பாசிப்பருப்பையும் தனித்தனியே வேகவைத்து, அரைப்பைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். தேங்காயெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டினால் மணம் தெருவரை வரும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இவ்வகையை மிளகூட்டல் என்பார்கள். மிளகாய் அமெரிக்க நாடுகளிலிருந்து போர்த்துக்கீசியர் மூலம் வந்த பொருள். அதற்கு முன்பு நம்மவர் காரத்துக்கு நம்பியிருந்தது மிளகையே. காரம் தாங்காத குழந்தைக்கு மிளகைப் பாதியாகக் குறைக்கலாம். கீரையிலுள்ள 'ஏ' வைட்டமின் சத்து உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டுமாதலால், தேங்காயும் எண்ணெயும் இங்கே வீண் செலவல்ல. சிவப்புக் கீரையாயின் அரைப்பு முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். குழந்தைகள் அந்நிறத்திற்காகவே சோற்றைப் பிசைந்து உண்பார்கள்.

மோரும் கடுகும்

அண்டை வீட்டு மூதாட்டியாரின் கிச்சடி இதுவே. கால் கிலோ வெண்டைக்காயை வட்டமாக அரிந்து, எண்ணெயில் மொறுமொறுப்பாக வதக்கி வைத்துக்கொள்க. அரைக் கிண்ணம் தேங்காய்த் துருவலையும் இரண்டு பச்சைமிளகாயையும் மைய அரைத்து, கடைசியில் அரைத் தேக்கரண்டிப் பச்சைக் கடுகை இட்டுச் சதைத்தெடுக்கவேண்டும். கடுகின் காரம் அதை நசுக்கி ஈரம் பட்டபின்பே வெளிப்படும், கொதிக்கவைத்தால் அடங்கிவிடும். ஆகவே இவ்வரைப்பை அடுப்பிலேற்றாமல், அதிகம் புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கிண்ணத்திற் கலந்து உப்பிட்டால் போதும். சூடாக்க விரும்புவோர் இளந்தீயில் வைத்துக் கிளறி, கொதி வருமுன் இறக்காவிடில் தயிர் திரிந்து நீர் பிரிந்துவிடும். வெண்டைக்காயை உண்ணும் வேளையிற் சேர்த்தால் மொறுமொறுப்புக் கெடாது. பாகற்காயையும் இவ்வாறே செய்யலாம். கசப்பு மிகவும் தணிகிறது.

புளிச்சாறு

இது அன்னையாரின் கைவண்ணம். ஒரு தேக்கரண்டிக் கொத்தமல்லி விதை, இரண்டு வற்றல் மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றை நல்லெண்ணெயில் வறுத்துப் பொடிக்கவேண்டும். புளியைக் கரைத்து, பச்சை வாடை போகப் பத்து நிமிடம் கொதித்தபின் பொடியையும், சிறு துண்டுக் கருப்பட்டியையும், வறுத்துப் பொடித்த எள் ஒரு கரண்டியையும் சேர்த்தால் சாறு கெட்டிப்படும். ஆவியில் வெந்த பயற்றங்காயின் மேல் இதனை ஊற்றிப் புரட்டி உண்பது தனிச் சுவை. எலுமிச்சம்பழ அளவு புளி கரைத்துப் பழகிய அன்னையார், பேத்திக்காக நெல்லிக்காயளவு போதும் என்று தாமே குறைத்துக்கொண்டார். ஐம்பது ஆண்டுக் கைப்பழக்கத்தை ஒருவர் மாற்றிக்கொள்வது எளிய செயலன்று என்பதை அன்று உணர்ந்தோம்.

கீரையோ காயோ எதுவாயினும், இறக்கிவைத்துச் சூடு சற்று ஆறிய பின் அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுகிறோம். கொதிக்கும்போது பிழிந்தால் 'சி' வைட்டமின் பெரிதும் குறைந்துவிடும். தயிர் சேர்ந்த கிச்சடிக்கு மட்டும் இது வேண்டுவதில்லை.

மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் இரத்தம் பார்த்தபோது 11.8 என்று வந்தது. இது முழுவதும் அரைப்பின் மகிமை என்று நாம் சொல்லவில்லை. மருத்துவர் தந்த மருந்தைத் தவறாது கொடுத்து வந்தோம்; மருந்துக்கு மாற்றாகக் கீரையை எவரும் கொள்ளலாகாது. ஆனால் மருந்து நின்ற பின்னும் தட்டில் கீரை நிற்கிறது. அதற்குக் காரணம் அரைப்பே.

அன்னையார் ஊர் திரும்பிவிட்டார். சென்ற மாதம் அவரிடமிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தது. தம் தெருவில் வெண்டைக்காய்க் கிச்சடி செய்து நாலு வீட்டுக்குக் கொடுத்தாராம். அண்டை வீட்டு மூதாட்டியாரோ, பயற்றங்காய்க்குப் புளிச்சாறு வைப்பதற்காக எள் வாங்கி வரும்படி நம்மிடம் சொல்லியிருக்கிறார். நம் சங்கத்துச் சகோதரிகளும் தத்தம் ஊர்ப் பக்குவங்களை இவ்விதழுக்கு எழுதியனுப்புவார்களாயின், சாலைக் கடைத்தெருவில் வாங்கும் கீரைக்கட்டு எந்த வீட்டிலும் வாடிக் கிடக்காது.