மடவைமேல் பழி போடாதீர்கள்

மடவை மண் தின்னும் மீன். வயிற்றைக் கீறினால் கருஞ்சேறுதான் வரும். இப்போது அந்தச் சேற்றோடு சேர்ந்து நைலான் இழையும் பாலித்தீன் துணுக்கும் அதன் குடலுக்குள் போகின்றன. பழவேற்காடு ஏரிக்கு ஆரணியாறும் பக்கிங்காம் கால்வாயும் அடித்துவரும் குப்பை ஒரு பக்கம். அறுந்த தங்கூசி வலை, நொறுங்கிய தெர்மாகோல் பெட்டி என்று நாமே தண்ணீரில் விடுவது இன்னொரு பக்கம். வெயிலும் அலையும் அரைத்து இந்தப் பிளாஸ்டிக் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதற்கு நுண்நெகிழி என்று பெயர். முகத்துவாரம் மண்மேடிட்டுத் தூர்ந்தால் ஏரிக்குள் வந்தது வெளியேற வழியில்லை.

"மீன்லயே பிளாஸ்டிக்காம்" என்று செல்போனில் ஒரு வீடியோ சுற்றினால் போதும், முதல் அடி விழுவது மீன்கூடை சுமக்கும் பெண்களுக்கு. பழவேற்காட்டு மீனவக் குப்பங்கள் மட்டுமல்ல, மீன் வாங்கும் வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: மீனுக்குள் போகும் துணுக்குகளில் பெரும்பகுதி குடலில்தான் தங்குகிறது, சதையில் மிகக் குறைவு. குடலை எடுத்து நன்றாகக் கழுவிய மடவையைப் பயமில்லாமல் குழம்பு வைக்கலாம். இறாலின் முதுகு நரம்பை உருவும் பழக்கத்தை விடவேண்டாம். நெத்திலியைத் தலையும் குடலும் கிள்ளிவிட்டு வறுங்கள். பொடி இறாலான சென்னாக்கூனியைக் கிள்ள முடியாது. அதற்காக அதைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லும் அளவுக்கு ஆதாரமும் இல்லை.

உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? 2022இல் நெதர்லாந்தில் ரத்ததானம் செய்த 22 பேரைச் சோதித்ததில் 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் இருந்தது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் 257 நோயாளிகளின் கழுத்து ரத்தக்குழாய்ப் படிவை ஆராய்ந்தார்கள். படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாலரை மடங்கு அதிகமாக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே காணப்பட்டன, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் கலக்கும் வேதிப்பொருள்கள் விஷயத்தில் சான்று இன்னும் அழுத்தமானது. பிஸ்பீனால் ஏ, தாலேட்டுகள் போன்றவை ஹார்மோன் போல நடித்து உடம்பை ஏமாற்றுபவை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள். பால்புட்டிக்கு, பிஸ்பீனால் ஏ கொண்டு செய்யும் பாலிகார்பனேட் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015இலேயே விலக்கிவிட்டது.

இந்த வேதிப்பொருள்களையும் துணுக்குகளையும் கிளப்பிவிடுவது சூடு. விடியற்காலை கரைக்குப் போகும்போது பேப்பர் கப்பில் வாங்கும் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பின் உட்பூச்சு பிளாஸ்டிக். 100 மில்லி சூடான நீர் அதில் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 துணுக்குகள் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. கணக்கிட்டிருக்கிறது. பாலித்தீன் பையில் கட்டும் சாம்பாரும் சூடுதான். டீக்குக் கண்ணாடி கிளாஸ், பார்சலுக்குத் தூக்குவாளி என்று மாறினாலே பெரிய வித்தியாசம். பனையோலைப் பெட்டி முடைவதில் பேர்போன ஊர் பழவேற்காடு. அங்கேயும் இட்லி பாலித்தீன் தாளில்தான் வருகிறது என்பது எனக்குப் பொறுக்காத விஷயம்.

பழவேற்காடு அடங்கிய மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல காலமாகிறது. அதனால் கேன் தண்ணீர் தவிர்க்க முடியாததாகிவிட்டது. கேனை வெயிலில் போடாதீர்கள், கீறல் விழுந்த பழைய கேனைத் திருப்பி அனுப்புங்கள், வந்தவுடன் பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. உப்புப் படியும் கடினநீரைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் நுண்நெகிழியில் 90 சதவீதம்வரை குறைவதாகச் சீனாவின் குவாங்சோ ஆய்வு 2024இல் காட்டியது. பாத்திரத்தில் வெள்ளையாக ஒட்டும் சுண்ணாம்பு துணுக்குகளையும் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது எரிப்பதை. அடுப்பு பற்றவைக்கப் பாலித்தீன் பை, கரையில் குவித்த கிழிந்த வலைக்குத் தீக்குச்சி. பி.வி.சி. கலந்த குப்பை எரிந்தால் டையாக்சின் வரும். அது புற்றுநோய் உண்டாக்கும் நச்சு. அந்தப் புகை அடுப்படியில் இருப்பவர் நெஞ்சுக்குள்தான் முதலில் போகும்.

இதில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது பாதிதான். மீதியைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. எந்தத் தடிமனில் இருந்தாலும் கேரி பேக், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் இரண்டும் அதில் உண்டு. உணவு விற்கும் இடத்தில் தவறு கண்டால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி குப்பையைச் சேகரிப்பதும் திறந்தவெளியில் எரியாமல் பார்ப்பதும் ஊராட்சியின் கடமை. கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது. பழைய வலையைத் திரும்ப வாங்கும் திட்டத்தை அரசு காசிமேட்டில் தொடங்கியிருக்கிறது. அது பழவேற்காட்டுக்கும் வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் கேட்பதில் தப்பே இல்லை.

மனு கொடுத்தும் நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, இறால் தடவிப் பிழைக்கும் இருளர்கள் உட்பட. தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டுகள்வரை கெடு. மற்ற வழக்குகளுக்கு ஆறு மாதம்தான். ஆகவே குப்பை கொட்டியதையோ எரித்ததையோ பார்த்த அன்றே தேதியும் இடமும் தெரியப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.