கணத்தில் மாறும் நீரின் அமைப்பு

பனிக்கட்டிக்கு ஒழுங்கான உள்ளமைப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். திரவ நிலையிலுள்ள நீருக்கும் அத்தகைய அமைப்பு உண்டா? உண்டெனில் அது எவ்வளவு நேரம் நிலைக்கும்? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்கள் நெடுங்காலமாக விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக்கு உரியனவாக இருந்து வந்துள்ளன.

நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுவை அண்டை மூலக்கூறின் ஆக்ஸிஜன் அணு ஈர்க்கிறது. இவ்வீர்ப்பையே ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளுடன் இவ்வாறு பிணைந்து, இடைவெளி மிகுந்த சட்டகமாக அமைகிறது. பனிக்கட்டி நீரில் மிதப்பதற்கு இதுவே காரணம். உருகிய பின்னும் இச்சட்டகத்தின் சாயல் முற்றிலும் மறைவதில்லை. நீர் 4° சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி உடையதாக இருப்பதும் இதனோடு தொடர்புடையதே.

எக்ஸ் கதிர்கள் காட்டிய சராசரி

எக்ஸ் கதிர்களின் அலைநீளம் அணுக்களுக்கு இடையேயுள்ள தூரத்தை ஒத்தது. ஆதலால் அவை ஒரு பொருளில் பட்டுச் சிதறும் பாங்கிலிருந்து அணுக்களின் அமைவைக் கணக்கிடலாம். திரவங்களில் இச்சிதறலை விளக்கும் கொள்கை ஒன்றை சி. வி. இராமனும் கே. ஆர். இராமநாதனும் 1923-இல் வெளியிட்டனர். 1933-இல் பெர்னல், பௌலர் என்னும் இருவர், திரவ நீரிலும் மூலக்கூறுகள் நான்முகி வடிவில் அண்டை மூலக்கூறுகளோடு சேர முற்படுகின்றன என்று விளக்கினர். அண்மையிலுள்ள இரு ஆக்ஸிஜன் அணுக்களுக்கு இடையே ஏறக்குறைய 2.8 ஆங்ஸ்ட்ராம் தூரம் உள்ளது. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கே ஓர் ஆங்ஸ்ட்ராம்.

எனினும் இவ்வளவு சிறிய தூரத்தை அளந்த அம்முறை, காலத்தை அளக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தை மாடியிலிருந்து நெடுநேரம் திறந்து வைத்த காமிராவினால் படம் எடுத்தால், மக்கள் எவ்வளவு நெருங்கி நின்றனர் என்பது புலப்படும். யார் எவர் கையைப் பற்றினார், எப்போது விட்டார் என்பது புலப்படாது. நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு ஏறக்குறைய ஒரு பிக்கோ விநாடியே நிலைக்கிறது. அதாவது, ஒரு விநாடியை இலட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

மின்னலினும் விரைந்த கதிர்

இக்குறையைப் போக்க, மிகக் குறுகிய எக்ஸ் கதிர்த் துடிப்புகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்லாக் ஆராய்ச்சி நிலையத்தில் 2009-இல் இதற்கென ஒரு பெருங்கருவி இயங்கத் தொடங்கியது. அதில் ஒளியின் வேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்கள், வட, தென் துருவங்கள் மாறி மாறி அமைந்த நீண்ட காந்த வரிசையினூடே வளைந்து வளைந்து செல்கின்றன. அப்போது வெளிப்படும் எக்ஸ் கதிர்த் துடிப்பு சில பெம்டோ விநாடிகளே நீடிக்குமாறு செய்யலாம். பெம்டோ விநாடி என்பது பிக்கோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அட்டோ விநாடி.

நீர் உமிழும் எக்ஸ் கதிர்களின் நிறமாலையில் ஒரு வரி இரண்டாகப் பிளவுபட்டுக் காணப்பட்டது. சாதாரண வெப்பநிலையிலேயே நீரில் இருவகை அமைப்புகள் உள்ளன என்பதற்கு இது சான்று எனச் சிலர் கொண்டனர். கதிர் பட்டவுடன் ஹைட்ரஜன் அணு நகர்வதால் நேர்ந்த தோற்றமே இது என வேறு சிலர் மறுத்தனர். மெல்லிய தகடு போல் ஓடும் நீரின் மீது அட்டோ விநாடித் துடிப்புகள் இரண்டை அடுத்தடுத்துச் செலுத்தி அந்நிலையத்தில் நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஹைட்ரஜன் அணு நகர்வதற்கு முன்னரே அளவீடு முடிந்துவிட்டது. இதனால், அப்பிளவு இருவகை அமைப்புக்குச் சான்றாகாது, ஹைட்ரஜன் அணுவின் இயக்கத்தால் விளைந்ததே என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். மிகக் குளிர்ந்த நீரில் இருவகைத் திரவ நிலைகள் உண்டா என்பது இதனின்று வேறான கேள்வியாகும்.

இம்முறையினால் விளையும் பயன் இவ்வழக்கோடு முடிவதன்று. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை அளிக்கும்போது உடலின் உயிரணுக்களிலும், அணு உலையைக் குளிர்விக்கும்போது அதன் குழாய்களிலும் கதிர்வீச்சை ஏற்பது பெரும்பாலும் நீரே. அங்குத் தோன்றும் இரசாயன மாற்றங்களின் முதற்படி இவ்வளவு குறுகிய காலத்திலேயே நிகழ்ந்து முடிகிறது.

பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு நீரின் மாதிரியை வகுப்பில் காட்டும் ஆசிரியர், அக்குச்சிகளுள் இருவகை உண்டு என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று. ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களை இணைப்பவை உறுதியானவை. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைப்பவையோ, நாம் சுட்டிக் காட்டும் அந்நேரத்திற்குள் எண்ணற்ற முறை அறுந்து புதிதாகப் பிணைகின்றன.