ஐம்பத்தைந்து ஆண்டு உறங்கிய ஒலிநாடா

சாக்ஸபோன் என்னும் வாத்தியத்தைத் தமிழ் நேயர்கள் கத்ரி கோபால்நாத் அவர்களின் வாசிப்பினால் நன்கு அறிவர். பித்தளையால் ஆனதாயினும், நாகசுரத்தைப் போல நாணற் சீவாளியின் அதிர்வினாலேயே அது ஒலிக்கின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசையில் அவ்வாத்தியத்திற்குப் பெருமை தேடித் தந்தவர்களுள் ஒருவர் ஜோன் கொல்ட்ரேன்.

1963 மார்ச் 6ஆம் நாள், நியூ ஜேர்சி மாநிலத்தில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் வாசித்தார். உடனிருந்தோர் பியானோவில் மக்கோய் டைனர், பாஸில் ஜிம்மி கரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். மறுநாளே நால்வரும் ஜோனி ஹார்ட்மன் என்னும் பாடகருடன் வேறொரு தொகுப்பைப் பதிந்தனர். அஃது அவ்வாண்டிலேயே இசைத்தட்டாயிற்று; முந்தின நாட்பதிவோ தொகுப்பாக வெளிவராமலே கிடந்தது. கொல்ட்ரேன் பதிந்த வேகத்திற்கு ஈடாக இசைத்தட்டு வெளியிடுதல் இம்பல்ஸ் நிறுவனத்திற்கு இயலாத காரியம்.

ஒலிநாடாவைக் காத்து வைப்பதற்கு இடம் வேண்டும். இடத்திற்கு வாடகை வேண்டும். அச்செலவைக் குறைக்கும் பொருட்டு, 1970களின் தொடக்கத்தில் மூலநாடா அழிக்கப்பட்டதெனக் கருதப்படுகின்றது. வானொலி நிலையங்களும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. ஆயினும் 1957இல் அமெரிக்காவின் குரல் வானொலி பதிந்த, தெலோனியஸ் மங்குடன் கொல்ட்ரேன் வாசித்த கச்சேரி, 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாடாக்களிடையே கிடைத்தது.

1963ஆம் ஆண்டுப் பதிவைக் காத்ததோ நூலகமன்று, ஒரு வீடு. கேட்டுப் பார்ப்பதற்கென்று எடுத்த பிரதியொன்றைக் கொல்ட்ரேன் தம் மனைவி நைமாவிடம் கொடுத்திருந்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர்; 1967இல் கொல்ட்ரேன் மறைந்தார்; நாடா மட்டும் நைமாவின் குடும்பத்தாரிடமே இருந்தது. வீட்டுப் பேழைக்கும் ஆபத்து உண்டு என்பதை அம்பாறைக் கரையோர மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26இல் கடல் புகுந்தபோது, நிழற்படங்களும் நாடாக்களும் அலுமாரிகளோடு போயின.

அந்நாடா 2018 ஜூன் 29இல் தொகுப்பாக வெளிவந்தது. அதில் ஒரே மெட்டு நான்கு முறை வாசிக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் கற்பனை வேறு திசை செல்கின்றது. ஒரே இராகத்தை ஒரே வித்துவான் அடுத்தடுத்து ஆலாபனை செய்யக் கேட்டவர்களுக்கு இதன் சுவை எளிதிற் புலப்படும். முடிந்த இசைத்தட்டிலே கிட்டாத இன்பம் இது. 1964 டிசெம்பரில் இதே நால்வர் இதே கூடத்தில் பதிந்த பெரும்படைப்புக்கு முன், அவர்கள் எதைத் தேடினர் என்பது இங்கே காதில் விழுகின்றது.

வெளியீட்டுப் பணியில் பங்குகொண்டவர் மகன் ரவி கொல்ட்ரேன். அவரும் சாக்ஸபோன் கலைஞரே. சித்தார் மேதை ரவி சங்கரிடம் கொண்ட மதிப்பினால் தந்தை இட்ட பெயர் அது. தொகுப்பிலுள்ள இரண்டு உருப்படிகளுக்கோ கொல்ட்ரேன் பெயர் இடவில்லை. பதிவேட்டு எண்களான 11383, 11386 என்பனவே இன்றும் அவற்றின் பெயர்கள்.