மழைச் சேதத்தைச் சீர்செய்யும் தொழில்: கைத்திறன் மட்டும் போதுமா?

மும்பையிலும் தாணேயிலும் வாழும் நம்மவர்களுக்கு மழைக்கால ஒழுகலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்காவது ஒரு வீட்டில் சுவர் ஊறும். மேல்வீட்டுக் குளியலறை கீழ்வீட்டில் சொட்டும். தரைத்தள வீட்டுக்குள் தெருத் தண்ணீர் புகுந்துவிடும். இந்தச் சேதங்களைச் சரிசெய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் நம்மில் பலர் உண்டு. கொத்து வேலை, குழாய் வேலை, மின்சார வேலை தெரிந்த நாலைந்து பேர் கூடிச் சிறு நிறுவனமாக நடத்துகிறார்கள்.

இவர்களுடைய கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை ஓய்ந்து கணக்குப் பார்க்கும்போது மிஞ்சுவது சொற்பம். வர வேண்டிய பாக்கி ஒருபக்கம் நிற்கிறது. முடித்த வேலைக்கே மறுபடி கூப்பிடுகிறார்கள். தீபாவளிக்கு ஆட்களுக்குக் கூலி கொடுக்கக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. காரணம் ஒன்றுதான்: வேலை தெரிவது வேறு, வேலையை நடத்தும் முறை தெரிவது வேறு.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் அந்த நடைமுறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

வெள்ளத்தில் தண்டவாளத்தின் அடியில் மண் கரைந்து போனால் எப்படிச் சரிசெய்வது என்று ரயில்வே அன்றைக்கு உட்கார்ந்து யோசிப்பதில்லை. எந்தெந்த இடம் அரிப்புக்கு உள்ளாகும் என்ற பட்டியல் பதிவேட்டில் இருக்கும். மழைக்கு முன்பே பாறாங்கற்களும் மணலும் குறித்த நிலையங்களில் தயாராக வைக்கப்படும். பாலத் தூண்களில் அபாய அளவு குறிக்கப்பட்டிருக்கும். பாதையைச் சரிசெய்த பின்னும் முதல் வண்டி மெதுவாகத்தான் அனுப்பப்படும். பாதை நிலைத்துவிட்டது என்று பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார்கள். இவ்வளவையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது. எழுதி வைத்த முறைதான் அதிகாரி மாறினாலும் ஆள் மாறினாலும் வேலையை நடத்துகிறது. வீட்டுச் சேதத்தைச் சீர்செய்யும் சிறு நிறுவனத்துக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் பதிவு, பிறகு சுத்தியல்

பெருமழை நாளில் ஒரே காலையில் பத்துப் பேர் தொலைபேசியில் அழைப்பார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரிசை எண் கொடுத்து, முகவரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் அணைக்கப்பட்டதா, வீட்டில் முதியவரோ குழந்தையோ உண்டா என்பதைக் கேட்டு எழுத வேண்டும். யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதை அந்தக் குறிப்பு சொல்லும். உரக்கச் சத்தம் போடுபவர் வீட்டுக்கு முதலில் ஓடும் வழக்கம் நின்றுவிடும்.

தொலைபேசியிலேயே விலை சொல்லக் கூடாது. 2005 ஜூலை 26 மழையில் 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அதே நேரத்தில் கொலாபாவில் பெய்தது சுமார் 73 மில்லிமீட்டர்தான். ஒரே ஊருக்குள் இவ்வளவு வேறுபாடு. நேரில் பார்க்காமல் சொல்லும் தொகை எதுவும் குருட்டுக் கணக்கே.

வீட்டுக்குப் போனதும் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டதா என்று பார்த்த பிறகே உள்ளே கால் வைக்க வேண்டும். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் ஆட்களுக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பையில் எலிக்காய்ச்சல் பரவியதை மறந்துவிடக் கூடாது. எதையும் பெயர்ப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் தேதியுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுக்கச் சொல்ல வேண்டும். சர்வேயர் வருமுன் எல்லாவற்றையும் இடித்து அள்ளிவிட்டால் அவருக்குக் காட்ட ஒன்றும் இராது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நாள்பட்ட தேய்மானத்தால் வரும் சேதத்துக்கு இன்ஷூரன்ஸில் பணம் எதிர்பார்க்க முடியாது. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது.

காரணம் வேறு, விளைவு வேறு

எஸ்டிமேட்டை இரண்டு பாகமாக எழுதுவது நல்லது. தண்ணீர் வரும் வழியை அடைப்பது ஒன்று. ஊறிய பிளாஸ்டர், பெயின்ட், மரவேலை ஆகியவற்றைச் சரிசெய்வது மற்றொன்று. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் அடுத்த மழையில் பெயின்ட் கொப்புளிக்கும், சுவரில் உப்புப் பூக்கும். பழி கான்ட்ராக்டர் தலையில் விழும்.

பணம் யார் கொடுப்பது என்பதும் இதில்தான் இருக்கிறது. மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி துணை விதிகளின்படி மழைத் தண்ணீராலும் பொதுக் குழாய்களாலும் வரும் கசிவைச் சொசைட்டி சரிசெய்ய வேண்டும். கழிவறை, சிங்க் போன்ற உட்புறக் கசிவு வீட்டுக்காரர் பொறுப்பு. யாருடைய வேலை என்று தெளிவாகாமல் தொடங்கினால், முடிந்த பிறகு சொசைட்டி வீட்டுக்காரரைக் காட்டும், வீட்டுக்காரர் சொசைட்டியைக் காட்டுவார்.

ஈரம் போகாமல் பூச்சு இல்லை

ஊறிய பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆகவே முதல் இரண்டு நாள் வேலை தண்ணீரை இறைப்பது, ஊறியதை அகற்றுவது, காற்றோட்டம் உண்டாக்குவது. சாக்கடை நீரில் ஊறிய மெத்தையையும் பிளைவுட்டையும் காப்பாற்ற முயல்வது வீண். பிறகு தினமும் ஒரே இடங்களில் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்து அளவை எழுத வேண்டும். மீட்டர் இல்லையென்றால் ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலுபக்கமும் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. "கணபதி பூஜைக்குள் முடித்துக் கொடுங்கள்" என்று வீட்டுக்காரர் அவசரப்படுவது இயல்பு. அப்போது வாய்ப் பேச்சு எடுபடாது; எழுதி வைத்த அளவைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்.

மொட்டை மாடியிலும் குளியலறையிலும் வாட்டர்புரூஃபிங் செய்தால் டைல் பதிக்குமுன் தண்ணீரைத் தேக்கி, குறைந்தது ஒருநாள் முழுதும் வைத்துக் கீழ்வீட்டில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையின்போது வீட்டுக்காரரும் உடனிருந்து கையெழுத்திடுவது இருவருக்கும் பாதுகாப்பு.

அளவுப் புத்தகம்

ரயில்வேயில் கான்ட்ராக்டருக்கு நினைவிலிருந்து பணம் கொடுப்பதில்லை. முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதி, அதிலிருந்துதான் பில். பக்கங்களுக்கு எண் இருக்கும். தவறான எண்ணை அழிக்கக் கூடாது. கோடிட்டு அடித்துக் கையெழுத்திட வேண்டும். இந்தச் சின்ன நோட்டு எத்தனை சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது என்பது அத்துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

வேலை தொடங்கும்போது ஒரு பகுதி, உலர்த்தி முடிந்ததும் ஒரு பகுதி, பிளாஸ்டர் முடிந்ததும் ஒரு பகுதி, ஒப்படைக்கும்போது மீதி என்று பணத்தைப் பிரித்து முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். "இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் தருகிறேன்" என்ற பேச்சை அடிப்படையாக வைக்காதீர்கள். அது வீட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு. ஐந்து வீடுகளில் ஆளுக்கு 40,000 ரூபாய் நின்றுவிட்டால் 2,00,000 ரூபாய் முடங்குகிறது. அடுத்த வேலைக்குச் சிமென்ட் வாங்க வட்டிக்குத்தான் போக வேண்டும்.

வேலை முடிந்ததும் கணக்கை மூடிவிடாமல், போட்ட எஸ்டிமேட்டையும் ஆன செலவையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கூலியில் ஏமாந்தோமா, பொருளில் ஏமாந்தோமா என்பது அப்போதுதான் தெரியும். அடுத்த மழை கழிந்ததும் அதே வீட்டுக்கு ஒருமுறை போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது. விளம்பரம் தராத பெயரை அந்த ஒரு நடை தரும்.

இத்தனை எழுத்து வேலைக்கு நேரம் ஏது என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். எழுதுகிறவர் சுத்தியல் பிடிக்கிறவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் படித்த மனைவியோ தங்கையோ இருந்தால் பதிவேட்டை அவர்கள் அழகாக நடத்துவார்கள். வங்கியிலும் கணக்குத் துறையிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்கள் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்கு ஒரு பதிவேட்டைத் தயாரித்துக் கொடுத்தால் அது பெரிய உதவி. மே மாதத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். மழை வந்துவிட்டால் எழுதுவதற்கு யாருக்கும் கை ஓயாது.