சாலையில் ஓடும் பெரிய ஆஃப்-ரோடு டயர்கள்: சமநிலையும் காற்றழுத்தமும்

ஆஃப்-ரோடு டயர்கள் என்பவை சேறு, மணல், பாறை நிறைந்த பாதைகளில் பிடிப்புத் தருவதற்காக உருவாக்கப்பட்டவை. ஆழமான பள்ளங்களும், பட்டன் எனப்படும் தடித்த ரப்பர் கட்டைகளும், வலுவான பக்கச்சுவரும் இவற்றின் அடையாளங்கள். அமெரிக்காவில் ஜீப் ரேங்லர் போன்ற வாகனங்களில் 35 அங்குல விட்டமுள்ள டயர்களைப் பொருத்துவோர் பலர், அதே வாகனத்தில்தான் நாள்தோறும் வேலைக்கும் கடைக்கும் சென்று வருகின்றனர். இப்படித் தார்ச்சாலையில் தினமும் ஓடும்போது இரண்டு கூறுகள் முக்கியமாகின்றன. ஒன்று, சக்கரத்தின் எடை சுற்றிலும் சீராகப் பரவியிருப்பது. மற்றொன்று, டயருக்குள் உள்ள காற்றின் அழுத்தம். பிரேக் பிடிப்பு, டயரின் ஆயுள், பயணிகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இவற்றைச் சார்ந்துள்ளன.

அளவு மாறும்போது மாறுபவை

2018 முதல் விற்பனையில் உள்ள ரேங்லர் ரூபிகான் வகையின் வழக்கமான டயர் 285 மி.மீ. அகலமுடையது. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். இதன்படி விட்டம் சுமார் 831 மி.மீ., அதாவது 33 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. 35 அங்குலம் என்பது 889 மி.மீ. ஆகும். விட்டம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதால், வேகமானியைத் திருத்தி அமைக்காவிட்டால் அது 100 கி.மீ. எனக் காட்டும்போது வாகனத்தின் உண்மையான வேகம் 107 கி.மீ. வரை இருக்கலாம். சக்கரத்தின் எடையும் கூடுவதால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் வேலை அதிகமாகிறது.

சமநிலைக் குலைவு

எந்த டயரும் முழுமையான சீருடன் உற்பத்தியாவதில்லை. ரப்பர் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் இடங்களில் எடை சற்றுக் கூடியிருக்கும். பெரிய டயரில் ரப்பரும் அடுக்குகளும் அதிகம் என்பதால் இந்த வேறுபாடும் பெரிதாக இருக்கும்.

35 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.8 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 10 முறை சுழல்கிறது. தரையைத் தொடும் பரப்பில் ஓரிடத்தில் 50 கிராம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தைச் சுமார் 87 நியூட்டன் விசையுடன் வெளிப்புறமாக இழுக்கும். இது ஏறத்தாழ 9 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். இழுப்பின் திசையும் நொடிக்குப் பத்து முறை சுற்றி வருவதால் சக்கரம் துள்ளத் தொடங்குகிறது. இந்த விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அதே 50 கிராம் 2 கிலோ அளவுக்கே இழுக்கும். ஊருக்குள் அமைதியாக ஓடும் வாகனம் நெடுஞ்சாலையில் நடுங்குவதற்கு இதுவே காரணம்.

இதைச் சரிசெய்யும் எடைத்துண்டுகளை டயரின் மேல் ஒட்ட முடியாது. ரிம்மில்தான் பொருத்த வேண்டும். 17 அங்குல ரிம்மின் ஆரம் 8.5 அங்குலம், டயரின் ஆரமோ 17.5 அங்குலம். எனவே வெளிவட்டத்தில் உள்ள 50 கிராம் பிழையை ஈடுசெய்ய ரிம்மில் சுமார் 100 கிராம் தேவைப்படும். பெரிய டயர்களுக்கு வீல் பேலன்சிங் செய்யும்போது வரிசையாகப் பல எடைத்துண்டுகள் ஒட்டப்படுவது இதனால்தான்.

சமநிலைக் குலைவு இரு வகைப்படும். ஒரு பக்கம் மட்டும் எடை கூடியிருந்தால் சக்கரம் மேலும் கீழும் துள்ளும். இது நிலைச் சமநிலைக் குலைவு. டயரின் உள்விளிம்பில் ஓரிடத்திலும் வெளிவிளிம்பில் அதற்கு எதிரிடத்திலும் எடை கூடியிருந்தால் சக்கரம் இடமும் வலமும் ஆடும். இது இயங்குச் சமநிலைக் குலைவு. 12.5 அங்குலம் வரை அகலமுள்ள டயர்களில் இரண்டாவது வகையைப் புறக்கணிக்க முடியாது. ஆகவே ரிம்மின் உட்புறம், வெளிப்புறம் ஆகிய இரு தளங்களிலும் எடை சேர்க்க வேண்டும்.

சமநிலைப்படுத்தும் முறைகள்

டயரை ரிம்மில் ஏற்றும்போதே பிழையைக் குறைக்கலாம். சில புதிய டயர்களின் பக்கச்சுவரில் மஞ்சள், சிவப்பு நிறப் புள்ளிகள் இருக்கும். மஞ்சள் புள்ளி பொதுவாக டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றுவது வழக்கம். சிவப்புப் புள்ளி டயரின் மிக உயர்ந்த அல்லது மிக விறைப்பான இடத்தைக் காட்டும். ரிம்மில் தாழ்ந்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்கு நேராக இது வைக்கப்படும்.

வழக்கமான பேலன்சிங் இயந்திரம் டயரை அந்தரத்தில் சுழற்றி எடை வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது. பக்கச்சுவரின் விறைப்பு ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்தால், எடை சரியாக இருந்தாலும் சாலையில் நடுக்கம் இருக்கும். இதைக் கண்டறிய, சுழலும் டயரின் மீது உருளையை அழுத்திச் சுமையுடன் அளக்கும் இயந்திரங்கள் உள்ளன. மும்முறை எடை மாற்றியும் நடுக்கம் போகாத பெரிய டயர்களுக்கு இம்முறை பயன் தரும். எந்த இயந்திரமானாலும் சக்கரம் அதன் அச்சில் சரியாக நடுவில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கனமான சக்கரம் சற்றே விலகி அமர்ந்தாலும் அளவீடு தவறும்.

எடைத்துண்டுகளுக்குப் பதிலாக டயருக்குள் சிறு மணிகளைப் போடுவதும் உண்டு. சக்கரம் வேகமாகச் சுழலும்போது இவை எடை குறைந்த பக்கத்திற்கு நகர்ந்து ஈடுசெய்யும். பாறையில் உரசி எடைத்துண்டு விழுந்துவிடும் என்ற கவலை இதில் இல்லை. ஆனால் குறைந்த வேகத்தில் மணிகள் வேலை செய்யாது. வால்வில் சிக்கிக் காற்றுக் கசிவையும் உண்டாக்கலாம்.

செலவே இல்லாத ஒரு சோதனையும் உண்டு. சேற்றில் ஓடிய பின் ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண், சில நூறு கிராம் எடை கொண்டிருக்கலாம். நேற்று வரை நன்றாக ஓடிய வாகனம் இன்று நடுங்கினால் முதலில் அந்த மண்ணைக் கழுவ வேண்டும்.

காற்றழுத்தம்: எந்த எண் சரி?

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அழுத்த அளவு, தொழிற்சாலையில் பொருத்திய டயருக்கு உரியது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயரின் உச்சச் சுமையோடு தொடர்புடையது. பெரிய டயருக்கு மாறியபின் இவ்விரண்டையும் அப்படியே பின்பற்ற முடியாது.

எடுத்துக்காட்டாக, 35 அங்குல டயர் ஒன்றின் சுமைக் குறியீடு 121 எனில் அது 1,450 கிலோ தாங்கும். அதற்கு 65 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. ஆனால் சுமார் 2,000 கிலோ எடையுள்ள ரேங்லரில் ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 500 கிலோவே இறங்குகிறது. டயரைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றே என்பதால், தரையைத் தொடும் பரப்பைச் சுமையை அழுத்தத்தால் வகுத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். 65 பிஎஸ்ஐ வைத்தால் அப்பரப்பு சுமார் 110 சதுர செ.மீ.; 30 பிஎஸ்ஐ வைத்தால் சுமார் 237 சதுர செ.மீ. முதல் நிலையில் டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையைத் தொடும். நடுப்பகுதி விரைவில் தேயும். மழையில் பிரேக் பிடித்தால் வாகனம் வழுக்கும்.

மறுபுறம், அழுத்தம் மிகக் குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக மடங்கி நிமிரும். அதனால் எழும் வெப்பம் ரப்பருக்கும் எஃகு இழை அடுக்குகளுக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்தும். இறுதியில் மேல்பட்டை பிய்ந்து கழன்றுபோகலாம்.

சரியான அளவை அறிய, ஆட்களும் சாமான்களும் ஏற்றிய நிலையில் வாகனத்தின் முன், பின் அச்சுகளைத் தனித்தனியே எடைமேடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். பின்னர் டயர் நிறுவனம் வெளியிடும் சுமை-அழுத்த அட்டவணையில் அந்த எடைக்குரிய குறைந்தபட்ச அழுத்தத்தைக் காண வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே செல்லக்கூடாது. அதற்கு மேலே நுட்பமாகச் சரிசெய்யச் சாக்குக்கட்டிச் சோதனை உதவும். டயரின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு வரைந்து, சமதளத்தில் நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் காற்று குறைவு. முழுவதும் சீராக அழிந்தால் அளவு சரி.

வாகனம் குறைந்தது மூன்று மணி நேரம் நின்று, டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளக்க வேண்டும். வெப்பநிலை சுமார் 5.5 பாகை செல்சியசு மாறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ மாறும். ஓடிச் சூடான டயரில் கூடியிருக்கும் காற்றை வெளியேற்றினால், குளிர்ந்தபின் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும்.

2000ஆம் ஆண்டுப் படிப்பினை

காற்றழுத்தம் எத்தனை முக்கியம் என்பதை உலகம் பேசத் தொடங்கியது 2000இல். அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வாகனங்களில் பொருத்தப்பட்டவை. மேல்பட்டை பிரிந்து, வாகனம் கவிழ்ந்து நேர்ந்த விபத்துகளில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்திருந்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. அதை 30 ஆக உயர்த்த வேண்டுமென ஃபயர்ஸ்டோன் கூறியது. அரசின் ஆய்வு டயரின் வடிவமைப்பிலேயே குறை கண்டது. எனினும் குறைந்த அழுத்தம், கூடுதல் சுமை, வெப்பமான சாலை, தொடர்ந்த வேகம் ஆகியவை சேரும்போது டயரின் தாங்குதிறன் எவ்வளவு சுருங்கும் என்பது அப்போது பொதுமக்களுக்கும் புரிந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தின் விளைவாக, பரிந்துரைத்த அளவைவிட அழுத்தம் 25 விழுக்காடு குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்காவில் புதிய இலகுரக வாகனங்களில் கட்டாயமாயிற்று.

நடுக்கத்தை ஆராயும் ஒழுங்கு

முதலில் அழுத்தம், அடுத்து பேலன்சிங், பின்னர் வீல் அலைன்மென்ட் என்ற வரிசையில் சோதிப்பது நல்லது. ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரத்திலும், இருக்கை நடுங்கினால் பின்சக்கரத்திலும் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். ரேங்லர் போன்ற ஒற்றைத்தண்டு முன்னச்சு வாகனங்களில், குழியில் ஏறி இறங்கியவுடன் முன்சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் ஆடுவதுண்டு. சமநிலைக் குலைவு இதைத் தூண்டலாம். ஆனால் தேய்ந்த புஷ், பால் ஜாயிண்ட், தளர்ந்த போல்ட் ஆகியவையே பெரும்பாலும் அடிப்படைக் காரணம். பேலன்சிங் மட்டும் செய்து இதை மறைப்பது ஆபத்தானது.

மணலிலும் பாறையிலும் பிடிப்புக்காக அழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை குறைப்பது இயல்பு. தார்ச்சாலைக்குத் திரும்பி வேகமெடுப்பதற்கு முன் அதை மீண்டும் ஏற்றியாக வேண்டும். பெரிய டயரின் கொள்ளளவு அதிகம் என்பதால் சிறு கம்ப்ரசரில் காற்று நிரம்ப நேரமாகும். அந்தக் காத்திருப்பைத் தவிர்த்து அப்படியே நெடுஞ்சாலையில் செல்லும் பயணத்தில்தான் டயர் சூடேறிப் பிரியும் வாய்ப்பு மிகுதி.